துவைத்த கைகள்

"இன்னிக்கும் வாந்தியா?"

அடுப்படி வாசலில் நின்று மாமியார் ரத்தினபாய் கேட்ட குரலில் கேள்வியைவிடத் தீர்ப்புதான் அதிகமாக இருந்தது.  யூனிஸ் மடியில் கிடந்த மகளின் வாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நாலு வயது அபிகாயில் ஒரு இட்லியில் பாதியைத் தின்று, அதையும் கக்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"பெத்தா மட்டும் போதாது யூனிஸ். பார்த்துக்கவும் தெரியணும். எங்க பிளஸ்ஸி ரெண்டு பிள்ளைங்களை வளர்க்கலையா? வேளச்சேரிக்குப் போய்ப் பாரு, ரெண்டும் எப்படி இருக்குங்கன்னு... இவளைப் பாரு. முகத்துல ரத்தமே இல்லை."

எப்போது பேச்சு வந்தாலும் ரத்தினபாய் தன் மகள் பிளஸ்ஸியை இழுக்காமல் விடமாட்டாள். முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள். தப்பைக் கண்டுபிடிப்பதும் அதை எல்லோர் காதிலும் விழச் சொல்வதும் அவளுக்குப் பழகிப்போனவை.

வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்த தேவானந்தம் தாயைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "டாக்டர்கிட்ட காட்டிடு யூனிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். படப்பையைத் தாண்டி ஒரு பேட்டரி கம்பெனியில் அவனுக்கு வேலை. ஈயத் தகடுகளை அறுத்து அடுக்கும் பிரிவு. நல்லவன், குரலை உயர்த்தாதவன். ஆனால் அந்த நல்ல குணம் ஒரு நாளும் யூனிஸுக்குத் துணையாக வந்ததில்லை.

கல்யாணமாகி சேலையூருக்கு வந்ததிலிருந்து யூனிஸ் கேம்ப் ரோட்டில் ஒரு பைக் ஷோரூமில் வேலை பார்த்தாள். போன வருஷம் இரண்டாவது பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவளின் தலைமாட்டில் நின்று மாமியார் சொன்னாள், "வேலை வேலைன்னு அலைஞ்சு வந்த பிள்ளையைத் தொலைச்சுட்டியே."

அதன்பிறகு யூனிஸ் வேலையை விட்டாள். வீடே கதி என்று ஆனாள். ஆனாலும் அபி தேறவில்லை. வயிற்று வலி ஓயவில்லை. கடகடவென்று பேசிக்கொண்டிருந்த குழந்தை ஒவ்வொரு சொல்லாக விட்டுக்கொண்டே வந்தது. தெருவில் போகும் பஸ்ஸைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுக்கும், பிறகு பேசாமல் விரலை மட்டும் நீட்டும். சர்ச்சில் யாராவது விசாரித்தால் ரத்தினபாய் பெருமூச்சு விடுவாள். "தாய் சரியில்லை. ஜெபம் பண்ணிக்குங்க."

அன்று காலையும் குழந்தையைக் கொஞ்சம் தேற்றி உட்காரவைத்துவிட்டு, யூனிஸ் பின்கட்டில் கணவனின் வேலைச் சட்டையைத் துவைக்க உட்கார்ந்தாள். மெஷினில் போட மாமியார் விடுவதில்லை. அந்தக் கறுப்பு தன் வெள்ளைப் புடவையில் ஏறிவிடுமாம். சட்டையை உதறியபோது சாம்பல் நிறத் தூசி எழுந்து வெயிலில் மிதந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சோப்பு நுரையை அளைந்துகொண்டிருந்த அபி, சத்தமில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். யூனிஸ் திரும்பிப் பார்த்தபோது குழந்தையின் கண்கள் மேலே செருகியிருந்தன. கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

ஈரக் கையோடு மகளை அள்ளிக்கொண்டு தெருவில் ஓடி ஆட்டோ பிடித்தது மட்டும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது.

தாம்பரத்து ஆஸ்பத்திரியில் வலிப்பை நிறுத்திவிட்டார்கள். ஜாஸ்மின் என்ற இளம் டாக்டர் அபியின் கண் இமையை இறக்கிப் பார்த்தார். ஈறுகளைப் பார்த்தார். என்ன சாப்பிடுவாள், எப்போதிலிருந்து பேச்சு குறைந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், "அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்றார்.

"பேட்டரி கம்பெனில, டாக்டர்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"வேலைத் துணியோடயே வீட்டுக்கு வருவாரா?"

"ஆமாம். அங்க மாத்திக்க வசதி இல்லைன்னு சொல்வார்."

"யார் துவைக்கிறது?"

"நான்தான்... கையால."

"பாப்பாவுக்கு ரத்தம் எடுக்கறோம். உங்களுக்கும் எடுத்துடலாம்மா."

தனக்கு எதற்கு என்று யூனிஸுக்கு விளங்கவில்லை. சில நாள் கழித்து முடிவு வந்தது. டாக்டர் அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார்.

"பாப்பா ரத்தத்துல ஈயம் இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்லை, நிறைய. குழந்தைங்க உடம்புல இருக்கவே கூடாதது அது. வயித்து வலி, ரத்தசோகை, பேச்சு குறைஞ்சது, இந்த வலிப்பு, எல்லாம் அதனாலதான். கம்பெனித் தூசி அவர் சட்டையில, முடியில, ஷூவில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கு. குழந்தை அதை மூச்சுல இழுத்திருக்கு, கையோட வாயில போட்டிருக்கு."

யூனிஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொற்கள் காதில் விழுந்தன, உள்ளே இறங்க நேரமாயிற்று.

"அவர் தினம் வந்ததும் இவளைத் தூக்கிக்குவார் டாக்டர்... அவர் நெஞ்சுமேலதான் தூங்குவா..."

டாக்டர் முடிவுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கும் இருக்கா?"

"இருக்கு."

"போன வருஷம் எனக்கு ஒரு பிள்ளை கலைஞ்சுபோச்சு."

"அதுக்கு இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஈயம் இவ்வளவு இருந்தா கர்ப்பம் கலையலாம். நீங்க வேலைக்குப் போனதால இல்லைம்மா. உங்க மேல எந்தத் தப்பும் இல்லை."

உங்கள் மேல் தப்பில்லை. அதை இதுவரை யாருமே அவளிடம் சொன்னதில்லை. அழவேண்டும்போல இருந்தது. அழுகை வரவில்லை. 

வார்டுக்குத் திரும்பியபோது ரத்தினபாய் கட்டிலருகே இருந்தாள். அந்த நேரம் பார்த்து ஷிஃப்ட் முடிந்து தேவானந்தமும் நேராக வந்தான். அதே சாம்பல் சட்டை. அப்பாவைக் கண்டதும் அபி படுத்தபடியே இரண்டு கையையும் நீட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே குனிந்தான்.

"தொடாதீங்க."

யூனிஸ் பாய்ந்து வந்து இரண்டு கையையும் அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். அவன் தடுமாறிப் பின்னால் போனான். குழந்தை வீரிட்டு அழுதது. வார்டே திரும்பிப் பார்த்தது.

"என்னடி பண்றே?" ரத்தினபாய் எழுந்துவிட்டாள். "பெத்த அப்பனைத் தள்றியா? உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? நீதான் பிள்ளையைக் கவனிக்கலை, அவனாவது..."

"அத்தை, போதும்." யூனிஸின் குரல் உயரவில்லை. அதனால்தானோ என்னவோ ரத்தினபாய் அப்படியே நின்றாள். "அந்தச் சட்டையில விஷம் இருக்கு. ஈயத் தூசி. அதுதான் நம்ம பிள்ளை ரத்தத்துல ஏறியிருக்கு. என் ரத்தத்துலயும் ஏறியிருக்கு. அது என் வயித்துல இருந்ததையும் கொன்னிருக்கலாம்னு இப்பத்தான் டாக்டர் சொன்னாங்க."

தேவானந்தம் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பிறகு உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"கம்பெனில ரத்தம் எடுத்தாங்களே யூனிஸ்... எல்லாருக்கும் நார்மல்னு சொன்னாங்களே..."

"ரிசல்ட்டைக் காட்டினாங்களா?"

அவன் தலையசைத்தான். இல்லை.

பின்னாலேயே வந்த டாக்டர் ஜாஸ்மின் அவனிடம், "ஷிஃப்ட் முடிஞ்சதும் அங்கேயே குளிச்சு, வேற துணி மாத்திக்கிட்டுத்தான் வெளியவே வரணும் சார். வேலைத் துணி கேட்டைத் தாண்டக் கூடாது. அதைத் துவைக்கிறது கம்பெனியோட பொறுப்பு. குளிக்க இடமே இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"ரூம் இருக்கு மேடம்..." அவன் குரல் உடைந்தது. "உள்ள அட்டைப் பெட்டி அடுக்கி வச்சிருக்காங்க."

அதற்கு மேல் அவன் நிற்கவில்லை. எதன்மீதும் பட்டுவிடக்கூடாது என்பதுபோலக் கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, நடைபாதையில் எதிரே வந்த ஒரு குழந்தைக்கு ஒதுங்கி வழிவிட்டு, வெளியே போனான்.

ரத்தினபாய் மெல்ல உட்கார்ந்தாள். மருமகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் கறுப்பு ஏறி வெடித்துப்போன கைகள். அந்தச் சட்டையை ஒவ்வொரு நாளும் அந்தக் கைகளில் கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

அபியை அந்த வீட்டுக்கு உடனே கூட்டிப்போக வேண்டாம், வீடு முழுக்க ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும் என்றார் டாக்டர். யூனிஸ் குழந்தையோடு குரோம்பேட்டையில் தன் தாய் வீட்டுக்குப் போனாள். தேவானந்தம் வீட்டை அணு அணுவாகத் துடைத்தான். ஆனால் மகளைப் பார்க்க வரவில்லை. போனில் மட்டும் பேசினான்.

"வரமாட்டேன் யூனிஸ்... என் கையை நினைச்சா எனக்கே பயமா இருக்கு."

"மேனேஜர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். தட்சிணாமூர்த்தி சார் சொல்றார், மாஸ்க் குடுத்திருக்கோம்ல, சட்டையோட போய் நீ பிள்ளையைக் கொஞ்சினா அதுக்குக் கம்பெனியா பொறுப்புன்னு... வெளிய பேசினா வேலையை மறந்துடுன்னு சொல்லிட்டார்."

"அதுக்கு நீங்க?"

அவன் பேச்சை மாற்றி, அபி சாப்பிட்டாளா என்று கேட்டான். எப்போதும்போல.

ஒரு மத்தியானம் ரத்தினபாய் குரோம்பேட்டை வீட்டின் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றாள். உள்ளே அபி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யூனிஸ்..." அதற்கு மேல் வரவில்லை. குனிந்து மருமகளின் காலைத் தொடப்போனாள். யூனிஸ் பதறி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம் அத்தை."

"என்னை ஏதாவது திட்டிடும்மா. இப்படிப் பேசாம நிக்காதே..."

யூனிஸ் அவளை நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு சொன்னாள்.

"பிள்ளை கலைஞ்சன்னிக்கு ஆஸ்பத்திரியில கண்ணை மூடிக்கிட்டிருந்தேனே தவிர, தூங்கலை அத்தை. நீங்க சொன்னது எல்லாம் கேட்டுச்சு. நானும் அதை நம்பிட்டேன். என் பிள்ளையை நானே கொன்னுட்டேன்னு நம்பித்தான் இத்தனை நாள் உங்க வீட்டுல சோறு தின்னேன்."

ரத்தினபாய் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். முதுகு குலுங்கியது.

"உங்க மன்னிப்பை வச்சு நான் என்ன செய்ய? ரவி இருக்காரே, இவரோட வேலை பார்க்கிறவர்... அவர் பொண்டாட்டி ஜீவிதா முழுகாம இருக்கா. அவளும் இதே சட்டையைத்தான் துவைக்கிறா. கிளம்புங்க. என்கூட வாங்க."

அபியைத் தாயிடம் விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறிப் படப்பைக்குப் போனார்கள். 

ஜீவிதா வரிசை வீடுகளுக்கு நடுவிலிருந்த குழாயடியில் உட்கார்ந்திருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. கல்லின்மேல் அதே சாம்பல் சட்டை.

"வாங்கக்கா. இன்னா சொல்லாம கொள்ளாம வந்துகினு கீறீங்க? பாப்பா எப்படி கீது?"

யூனிஸ் வாயைத் திறப்பதற்குள் ரத்தினபாய் முன்னால் போனாள். வெள்ளைப் புடவையோடு குழாயடி ஈரத்தில் இறங்கி, ஜீவிதாவின் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கினாள்.

"இதை விடும்மா. நீ தொடக் கூடாது."

"இன்னா ஆயா நீ, அது எங்க வூட்டுக்காரர் சட்டை..."

"தெரியும். அதுல இருக்கிற தூசி உன் வயித்துப் பிள்ளைக்கு விஷம்." சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். முப்பது வருஷம் வகுப்பெடுத்த குரல் இப்போது நடுங்கியது. "இவ என் மருமக. இந்தச் சட்டையை இவளைக் கையால துவைக்க வச்சது நான். என் புடவை கறுத்துடும்னு மெஷினுக்குள்ள விடலை. இவ பிள்ளை கலைஞ்சப்போ, நீதான் தொலைச்சுட்டேன்னு சொன்னதும் நான்தான். பேத்தி படுத்தப்போ தாய் சரியில்லைன்னு சர்ச்செல்லாம் சொன்னேன். இவ மேல ஒரு குத்தமும் இல்லை... ஒண்ணுமே இல்லை..."

மேலே பேச முடியாமல் அவள் நின்றபோது, யூனிஸுக்கு ஆஸ்பத்திரியில் வராத அழுகை இங்கே வந்தது. போய் மாமியாரை அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் விட்டு விலகாமல் வெகுநேரம் நின்றார்கள். ஜீவிதா குழாயைத் திறந்து முழங்கை வரை கழுவ ஆரம்பித்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஜீவிதாவுக்கு எடுத்த ரத்தத்திலும் ஈயம் இருந்தது. அது தெரிந்த மறுநாள் காலை ரவி கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டான். அவன் பக்கத்தில் வந்து நின்றவன் தேவானந்தம். குளியலறையைக் காலி செய்யும்வரை உள்ளே வரமாட்டோம் என்று மேனேஜரிடம் முதலில் வாயைத் திறந்து சொன்னவனும் அவன்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் புகார் கொடுத்தார்கள், தொழிற்சாலை ஆய்வாளர்கள் வந்தார்கள். பெட்டிகள் வெளியே போயின, தண்ணீர் வந்தது. எல்லோருக்கும் வெளி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். தேவானந்தத்துக்கு இருந்த அளவைப் பார்த்து டாக்டரே அதிர்ந்துபோனார். அவனை ஈயத்தின் பக்கமே போகாத வேலைக்கு மாற்றினார்கள்.

அபிக்கு மருந்து கேட்டது. வலிப்பு திரும்ப வரவில்லை. இழந்த பேச்சு முழுக்கத் திரும்புமா என்பதை மட்டும் டாக்டர் ஜாஸ்மின் உறுதியாகச் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவானந்தம் குரோம்பேட்டைக்கு வந்தான். வெள்ளைப் புதுச் சட்டை, ஈரத்தலை. வாசற்படிக்கு வெளியேயே நின்றான். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான்.

"நீ என்கூடப் பேசலைன்னாலும் பரவாயில்லை யூனிஸ். அம்மா உன்னைப் பேசினப்பல்லாம் நான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். அந்தத் தூசியைவிட அதுதான் பெரிய கொடுமை... இங்கேருந்தே அவளை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்."

அம்மாவின் புடவைக்குப் பின்னாலிருந்து அபி எட்டிப் பார்த்தாள். ஓடிவரவில்லை. அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, பல மாதங்களாக ஒற்றைச் சொல்லுக்கே திணறிய குழந்தை திருத்தமாகச் சொன்னது.

"அப்பாவைத் தொடக் கூடாது."

தேவானந்தத்தின் முகம் வெளிறிப்போயிற்று. திரும்பிப் படியிறங்கப் போனான்.

யூனிஸ் அவன் பின்னாலிருந்த கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோயிருந்த கை. அதை அப்படியே கொண்டுவந்து மகளின் தலையில் வைத்தாள்.

"தொடலாம் அபி" என்றாள். "அப்பா குளிச்சுட்டு வந்திருக்காங்க."