எழுந்து போன பெண்

இவனுக்குத் தெரியும்... தெரிந்துகொண்டுதான் இப்படிச் சிரிக்கிறான்.

கோரின் கையிலிருந்த காகிதப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டோனட் கடையின் சாய்ப்புக்கு வெளியே ஒஹையோவின் அக்டோபர் மழை சரம் சரமாக இறங்கிக்கொண்டிருந்தது. கடையில் மிச்சமிருந்த ஒரே ஆப்பிள் டோனட்டை இருவரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள், அவள் முந்திக்கொண்டாள். தோற்றவன் நெற்றியில் ஒட்டிய ஈர முடியை ஒதுக்கிக்கொண்டு பக்கத்திலேயே வந்து நின்றான். சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள்... ஏரியின் நிறம். அவளுக்கு ஏரி பிடிக்காது.

"பாதி குடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"ஆமா, குறைஞ்சு போயிடுவேன்."

"அடேங்கப்பா! முகத்துல கொஞ்சமாவது இரக்கம் தெரியுதான்னு பாக்கறேன்... ம்ஹூம்."

"மழை நின்னதும் வேற கடைக்குப் போங்க."

"மழை நிக்கக் கூடாதுன்னுல்ல நான் வேண்டிக்கிட்டிருக்கேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவனுடைய தோள்பையில் கல்லூரிப் பத்திரிகையின் நீல வில்லை குத்தியிருந்தது.

ஆக, இதற்குத்தான்.

போன வாரம், பெரிய அரங்கில் சமூகவியல் வகுப்பு. வெள்ளத்தைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் போடுவதற்கு முன்னால் பேராசிரியர் விட்டேக்கர் நல்ல மனதோடுதான் சொன்னார். "இதுல தண்ணியில மூழ்கினவங்களைக் காட்டுவாங்க. பாக்க முடியாதுன்னு நெனைக்கிறவங்க இப்பவே எழுந்து போகலாம். யாரும் காரணம் சொல்ல வேண்டாம்."

விளக்குகளை அவர் இன்னும் அணைத்திருக்கவில்லை. கோரின் ஒருத்திதான் எழுந்தாள். வாசல் முன்பக்கம், திரைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் நடக்க நடக்க அத்தனை தலைகளும் கூடவே திரும்பின. உறைந்த ஏரியின் பனி உடைந்து தம்பி டாபி மூழ்கிப்போனதை இந்த ஊரில் யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்றுதான் வேறு கல்லூரியிலிருந்து இங்கே மாறி வந்தாள். படத்துக்கு வேலையே வைக்காமல் அந்த எச்சரிக்கையே அவளை உடைத்துப்போட்டது.

அதற்குப் பிறகு கல்லூரி இரண்டுபட்டது. எல்லாப் பாடத்துக்கும் எச்சரிக்கை கட்டாயம் என்றது ஒரு கூட்டம். வளர்ந்த பிள்ளைகளைத் தொட்டிலில் போடாதீர்கள் என்றது இன்னொரு கூட்டம். இரண்டு பேருக்குமே சாட்சி, 'எழுந்து போன பெண்'. பெயர் தெரியாத அவளைப் பொதுக்கூட்ட மேடையில் ஏற்றிவிட வேண்டும் என்று வலைவீசித் தேடிக்கொண்டிருந்தார்கள்.

டோனட் கடையில் தோற்றவன் பெயர் டெஸ்மண்ட். மறுநாள் நூலக வாசலில் நின்றான். அதற்கடுத்த நாளும் நின்றான். விடுதிவரை கூடவே நடந்து வந்தான். டொலிடோவில் தன் அம்மா நடத்தும் முடிதிருத்தகத்தைப் பற்றிப் பேசினான். வளர்க்கும் பூனைக்குத் தன்னைப் பிடிக்காது என்றான். இதோ கேட்கப்போகிறான், இதோ... என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவே இல்லை. கேட்காத ஒவ்வொரு மாலையும் அவளுடைய சந்தேகம் ஒரு சுற்றுப் பெருத்தது. இத்தனை பொறுமை தூண்டில்காரனுக்குத்தானே இருக்கும்? ஆனாலும் ஐந்து மணி ஆனதும் கண்ணாடி பார்த்துத் தலைவாரிக்கொள்ளும் தன் கையை அவளால் நிறுத்த முடியவில்லை.

வெள்ளிக்கிழமை உணவுக்கூடத்தில் பத்திரிகை கிடந்தது. முதல் பக்கக் கட்டுரை டெஸ்மண்டுடையது. 'அந்த மாணவியைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று அதில் எழுதியிருந்தான்.

தூறலில் குடைகூட இல்லாமல் நூலகப் படிகளில் அவன் எதிரே போய் நின்றாள்.

"கண்டுபிடிக்க முடியலையாம்! அப்ப தினம் உன்கூட நடந்து வர்றது யாரு? என் ஆவியா?"

"ஐயோ, மெதுவாக் கத்து. எங்க பத்திரிகை எடிட்டர் காதுல விழுந்தா என்னை வெளிய தூக்கிப் போட்டுடுவா."

"எதுக்குப் பொய் எழுதின? இன்னும் பெரிய கதையா வரட்டும்னு பாத்துக்கிட்டிருக்கியா?"

அவன் முகத்திலிருந்த விளையாட்டு மெல்ல வடிந்தது.

"அன்னிக்கு நானும் திரும்பிப் பாத்தேன், கோரின்."

அவள் ஒரு படி பின்வாங்கினாள்.

"எல்லாரையும் மாதிரி வேடிக்கைதான் பாத்தேன். நீ கதவுகிட்ட ஒரு நிமிஷம் நின்ன... எங்க யாரையும் பாக்கல, கைப்பிடியையே பாத்துக்கிட்டிருந்த. எனக்கு வெக்கமாப் போச்சு. அப்புறம் படம் ஓடிச்சு, ஒண்ணும் மண்டையில ஏறல. டோனட் கடையில உன்னைப் பாத்ததுமே நான் ஓடியிருக்கணும்... முடியல. உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

ஒவ்வொரு சொல்லையும் அவள் தட்டித் தட்டிப் பார்த்தாள், உள்ளே காலியாக ஒலிக்கிறதா என்று. ஒலிக்கவில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

"எனக்கும்தான்..." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "பிடிக்காமப் போயிருந்தா உன்னை இவ்வளவு சந்தேகப்பட்டிருப்பேனா?"

மழையில் குளிர்ந்திருந்த அவள் விரல்களை அவன் பற்றிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பத்திரிகைக்கு இல்ல... சத்தியமா எனக்கு மட்டும்தான். அன்னிக்கு ஏன் எழுந்து போன?"

அன்போடுதான் கேட்டான். விட்டேக்கர் பேசியதும் அன்போடுதான். சொல்லிவிட்டால் இனி இந்தக் கண்கள் தன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பனியையும் சேர்த்தே பார்க்கும். அரங்கத்துத் தலைகள் போதாதென்று இன்னும் ஒரு தலை. டாபி எந்தக் கட்சிக்கும் சாட்சி இல்லை. இந்தக் காதலுக்கும் அவன் சாட்சி இல்லை. அவன் அவளுடைய தம்பி, அவ்வளவுதான்.

"சொல்ல மாட்டேன், டெஸ்மண்ட்," என்றாள் மெதுவாக. விரல்களை மட்டும் விடுவித்துக்கொள்ளவில்லை.