தரைக்கடியில் ஒரு துண்டு

மாலை நாலு பத்துக்கு ஹயாசாகா சுமி மரப்பெட்டியைத் திறந்தாள். முந்நூறு வருஷத்துத் தேநீர்க் கிண்ணத்தைக் காணோம். காலையில் அவள் கையாலேயே துடைத்து வைத்தது. மறுநாள் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியது.

நாலு ஐம்பதுக்கு இன்ஸ்பெக்டர் நிவா கசூயே வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றினாள். வட ஜப்பானின் அசாஹிகாவா நகரத்து ஜனவரிக் குளிரை மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டாள்.

"இவன்தான் மேடம்!" சுமியின் தம்பி மொரியோ மணிக்கட்டைச் சொறிந்தபடி கை நீட்டினான். பெரிய கடையொன்றில் பரிசுப் பொட்டலம் கட்டுகிறவன். "காலையிலேருந்து தரைக்கடியில ஊர்ந்துகிட்டிருக்கான். ஜெயில்லேருந்து வந்து ஆறு மாசம்கூட ஆகல."

மரத்தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் தவழும் இடைவெளியில், குளிர் ஏறாமல் கண்ணாடிப் பஞ்சு அடைக்க வந்த தொபிதா தலை நிமிரவில்லை. கையுறையையும் சட்டைக்கையையும் சேர்த்து டேப் சுற்றியிருந்தான். அவனுக்கு இது முதல் வேலை. போனால் இன்னொன்று யார் கொடுப்பார்கள்? அவன் வண்டியைச் சோதித்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஆனாலும் சுமி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"மதியம் எங்க இருந்தே?" என்று நிவா அவனைக் கேட்டாள்.

"வண்டியில மேடம். சோத்துருண்டை தின்னுகிட்டு. அரை மணி நேரம்."

"தரைக்கதவு?"

"தொறந்துதான் கெடந்துச்சு."

"நான் அப்போ கடைக்குப் போயிருந்தேன்," என்றாள் சுமி.

"இன்னிக்கு எனக்கு லீவு, என் ரூம்ல தூங்கிட்டிருந்தேன்," என்றான் மொரியோ. "அந்தப் பொந்தை எட்டிக்கூடப் பார்த்ததில்ல."

நிவா சமையலறைத் தரைக்கதவு வழியாக இறங்கி, முழங்காலைச் சபித்துக்கொண்டே டார்ச்சோடு தவழ்ந்தாள். தலைக்கு மேல் வரிசையாக மஞ்சள் பஞ்சு. ஒரே ஓர் இடத்தில் மட்டும், பஞ்சின் முதுகில் ஒட்டியிருக்கும் எழுத்து அச்சடித்த பளபளத் தாள் கீழே பார்த்து இருந்தது.

"தொபிதா, இந்தத் தாள் எந்தப் பக்கம் வரணும்?" என்று கீழிருந்தே கத்தினாள்.

"மேல, மேடம். வீட்டுச் சூடு இருக்குற பக்கம். மாத்தி வச்சா ஈரம் கோத்துக்கும்."

ஐந்து முப்பதுக்குக் கிண்ணத்தோடு மேலே வந்தாள்.

"பஞ்சுக்குப் பின்னால இருந்துச்சு. தொழில் தெரிஞ்சவன் தாளைக் கீழ பார்த்து வைக்க மாட்டான். அச்சடிச்ச பக்கத்தை வெளியே காட்டியே பழகின கை இது, மொரியோ. இவன் மாட்டினதும் சாவகாசமா எடுத்துக்கலாம்னு நெனச்சீங்க. இந்தப் பஞ்சைக் கையுறை இல்லாம தொட்டா அரிக்கும்னு மட்டும் உங்களுக்குத் தெரியல."

மொரியோ சொறிவதைச் சட்டென்று நிறுத்தினான்.

"கேட்டிருக்கலாமேடா!" என்றாள் சுமி.

"எத்தனை தடவை கேட்டேன் அக்கா, வித்துடலாம்னு? நீ காதுலயே வாங்கிக்கல."

மொரியோவை நிவா அழைத்துப் போனபின் சுமி வெட்கத்தோடு தொபிதாவின் முன் இடுப்பு மடங்கக் குனிந்தாள்.

"அந்த ஒரு துண்டைத் திருப்பி வச்சுட்டு வந்துடறேன்மா," என்றான் அவன். "அப்படியே விட்டா தரை அழுகிடும்."

அவன் மேலே ஏறி வந்தபோது தேநீர் தயாராக இருந்தது, அந்தக் கிண்ணத்திலேயே.

"ஐயோ, இதுலயாம்மா?"

"நாளைக்குக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள போயிடும். இதுல கடைசியா குடிக்கிறது நீங்கதான்."

தொபிதா டேப்பைப் பிய்த்து, கையுறையைக் கழற்றி, இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டான்.