பத்தாயிரத்து ஏழு ஓடுகள்

ஃபெஸ் நகரத்துப் புது நூலகத்தின் சுவருக்காகப் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஓட்டில் தங்கள் பெயரைக் கொத்திக் கொடுத்திருந்தார்கள். மொத்தம் பத்தாயிரத்து ஏழு.

மேஸ்திரி அல்லால் ஓடுகளைத் தரையில் குப்புற அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கே அப்படித்தான். முதுகில் சாந்து ஊற்றி, இறுகியபின் நிமிர்த்திச் சுவரில் ஏற்றுவார்கள்.

"நூறு வரிசை, வரிசைக்கு நூறு. மிச்சம் ஏழு. மோசமானதா ஏழு பொறுக்கி வெளிய வச்சிட்டேன்" என்றார்.

பள்ளி விட்டுத் தம்பியோடு வந்த கிஸ்லான் வெளியே கிடந்த ஓடுகளைக் குனிந்து பார்த்தாள். அந்த ஏழில் மூலை உடைந்தது ஒன்று. அது தம்பி ஜியாத் கொத்திய ஓடு. அவன் இன்னும் பார்க்கவில்லை.

"அக்கா, என் ஓடு மேல வருமா, கீழ வருமா?"

"இருடா." அவள் மேஸ்திரியிடம் போனாள். "மாமா, எல்லாத்தையும் வச்சு அடுக்க முடியாதா?"

"வரிசை சமமா வரணும் பொண்ணு. கடைசி வரிசை பொக்கைவாய் மாதிரி இருந்தா ஊரே சிரிக்கும். சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள வேற கணக்கு கொண்டா. அப்புறம் சாந்து கரைச்சிடுவேன்."

கிஸ்லான் சாந்து மூட்டைமேல் உட்கார்ந்து வகுக்கத் தொடங்கினாள். ஏழால் வகுத்தால் நான்கு மீதி. பதினொன்றால் எட்டு. பதிமூன்றால் பத்து. நூற்றைத் தாண்ட வேண்டியதில்லை. நீளமும் அகலமும் இரண்டுமே நூற்றைத் தாண்டினால் அவ்வளவு ஓடு இருக்காது. கடைசியாகத் தொண்ணூற்றேழு. பதினாறு மீதி!

பகா எண். எதற்கும் பிரியாது.

"என்ன, மசியலையா? எந்திரி, மூட்டையப் பிரிக்கணும். ஏழு பேரையும் கழிச்சிட வேண்டியதுதான்" என்றார் மேஸ்திரி.

கழிப்பதையே நினைக்கிறோமே, கூட்டினால்?

பத்தாயிரத்து எட்டு. இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒன்பது, அதனால் ஒன்பதால் வகுபடும். கடைசி மூன்று இலக்கம் எட்டுதான், அதனால் எட்டாலும் வகுபடும். எழுபத்திரண்டால் வகுத்தாள். பென்சில் முனை ஒடிந்தது. நகத்தால் கீறி முடித்தாள்.

"மாமா! எழுபத்திரண்டு வரிசை, வரிசைக்கு நூத்தி முப்பத்தொம்பது! இன்னும் ஒரே ஒரு ஓடு வேணும்!"

மேஸ்திரி கயிறு போட்டுச் சுவரை அளந்தார். "இடம் இருக்கு. ஆனா பேரில்லாத ஓட்டை வச்சா, யாரை விட்டீங்கன்னு கேப்பாங்களே?"

"உங்க பேரைக் கொத்துங்க."

"என் பேரா? சுவர் கட்டுறவன் சுவத்துல பேர் போடுற வழக்கமே எங்கள்ல கிடையாது."

ஜியாத் அவரை நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்குக் கொத்தத் தெரியாதா? நான் சொல்லித் தரவா?"

"வாயைப் பாரு இவனுக்கு!" மேஸ்திரி சிரித்துக்கொண்டே உளியைத் தேடினார்.

பாங்கு ஒலித்தபோதும் அவர் கொத்திக்கொண்டுதான் இருந்தார். பிறகு பத்தாயிரத்து எட்டையும் கலந்து, குப்புறப் புதிதாக அடுக்கினார்.

சுவர் ஏறிய நாளன்று ஊரே திரண்டு பெயர்களைத் தேடியது. ஜியாத் தன் ஓட்டைக் கண்டதும் குதித்தான். மேஸ்திரி அல்லால் துவைத்த அங்கி போட்டு மனைவியோடு வந்திருந்தார். பொழுது சாயும்வரை சுவரில் விரலை ஓட்டிக்கொண்டு, "இங்கதான் எங்கயோ இருக்கணும்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.