வாய்க்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று

பொடிசுவின் அம்மா தையல் மிஷின் பழுது பார்ப்பதில் படு கெட்டிக்காரி. எப்பேர்ப்பட்ட மிஷினும் அவள் கைபட்டால் சமத்தாக ஓடும். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு சொல்லிடம் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழித்தாள்.

ஜப்பானிய மிஷின் நிறுவனம் ஒன்றுக்குப் பயிற்சியாளர் தேவை. அம்மா விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை கணினியில் நேர்காணல், அதுவும் அம்மா படித்துவரும் ஜப்பானிய மொழியில். வேலை கிடைத்தால் பட்டறையின் மாலை ஷிஃப்ட்டை விட்டுவிடலாம், தினமும் பொடிசுவோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

அந்த மொழியில் ‘உங்கள் நிறுவனம்’ என்று மரியாதையாகச் சொல்ல இரண்டு சொற்கள் உண்டு. கடிதத்தில் எழுத ‘கிஷா’, நேரில் பேச ‘ஒன்ஷா’. அம்மாவோ வாயைத் திறந்தாலே கிஷா என்றாள். ஒவ்வொரு தப்புக்கும் ஒன்ஷாவைப் பத்துமுறை எழுதினாள். நோட்டுதான் தீர்ந்தது, தப்பு தீரவில்லை.

பொடிசு இதை இரண்டு நாள் பார்த்தாள்.

“அம்மா, பேசுற வார்த்தையையும் நீ எழுதித்தானே பழகுற? கைக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? வாய்க்குல்ல தெரியணும்.”

நோட்டைப் பிடுங்கி அலமாரிமேல் போட்டாள். அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு மேனேஜராக எதிரில் உட்கார்ந்தாள். அம்மா திருகாணி முடுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கேள்விமேல் கேள்வி கேட்டாள். கிஷா என்று வந்தால் வணக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அம்மா மூன்று நாளில் நூறு வணக்கமாவது வைத்திருப்பாள். அப்பாவும் அந்தக் குட்டி மேனேஜருக்குப் பவ்யமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சனிக்கிழமை பொடிசு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அம்மா நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று “கி...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பொடிசு கதவிடுக்கில் கண்ணை வைத்தாள்.

அம்மா ஒரு மூச்சு விட்டாள். “ஒன்ஷா” என்றாள். அப்புறம் பேச்சு மடமடவென்று போனது.

அடுத்த வாரம் வேலை உறுதியானது. அம்மா நிறுவனத்துக்கு நன்றிக் கடிதம் எழுதி முடித்ததும் இருவருக்கும் சோறு போட்டு, பொடிசுவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

“உனக்கும் ஒரு கடிதம் எழுதலாம்னு பாத்தேன் கண்ணு. ரெண்டு வரி எழுதிட்டு அடிச்சுட்டேன். இதை வாயால சொன்னாத்தான் என் மனசு நிறையும். ரொம்ப நன்றிடா.”

பொடிசு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தட்டில் சோறு ஆறும்வரை விடவே இல்லை.