பதிவில் இல்லாத ஆள்

காலை ஏழரை மணிக்கு வரதன் கரையான்சாவடி ஓட்டலிலிருந்து இட்லிப் பொட்டலத்தோடு வந்து, அதை நேராகக் கூடத்தில் அம்மாவின் கட்டில்மேல் வைத்தான். அடுப்படியில் ரேவதி அவித்த இட்லி ஆவி பறக்க இருந்தது. அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இன்றோடு எட்டு நாள். பதினெட்டு வருஷம் அந்த வீட்டுக்கு ஆக்கிப் போட்ட கைக்கு எட்டு நாளாகத் தீட்டு.

“அத்தே, ஓட்டல் சாம்பார் உங்களுக்கு ஒத்துக்காது... நேத்தே வயிறு சரியில்லன்னீங்க.”

கன்னியம்மாள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “வரதா, அவள என் கண்ணு முன்னாடி நிக்க வேணான்னு சொல்லு. அவ கையால ஒரு வாய் தண்ணி குடிச்சாலும் எனக்கு எறங்காது நைனா.”

வரதன் மனைவியைப் பார்க்காமலே சொன்னான். “உள்ள போ. பத்தரைக்கு உங்க அண்ணன் வரான். எல்லாத்தையும் அவன் முன்னாடி பேசிக்கலாம்.”

ரேவதி உள்ளே போனாள். அழவில்லை. முதல் மூன்று நாள் அழுது தீர்த்துவிட்டாள். இட்லித் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

இத்தனைக்கும் காரணம் கூடத்துச் சுவரில் தொங்கிய அந்த டிவி. நாலு மாசத்துக்கு முன்னால் மெயின் ரோட்டில் ஒரு கம்பெனிக்காரன் பந்தல் போட்டு, அம்பத்தைந்து இன்ச் டிவி, ஒரு பைசா வேண்டாம் என்று மைக்கில் கூவினான். வரதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை சூப்பர்வைசர். நூலளவு பிசகினாலும் ஒரு பீஸைத் தூக்கி எறிகிற ஆள். அப்பேர்ப்பட்டவன் முப்பத்து மூன்று பக்க நிபந்தனையில் ஒரு வரிகூடப் படிக்காமல் போனில் ‘சம்மதம்’ என்று அழுத்திவிட்டு, டிவியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

படத்துக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு நாள் பூரா விளம்பரம் ஓடும். மேலே ஒரு கேமரா. யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள், ஆணா பெண்ணா, என்ன வயசு என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ற மாதிரி விளம்பரம் மாறும். கேமராவைத் துணி போட்டு மூடினால் டிவியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதன் முன்னால் நின்று முகம் காட்டிப் பேரைப் பதிய வேண்டும். மகள் ராதிகா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். அதனால் வரதன், ரேவதி, கட்டிலில் படுத்தபடியே கன்னியம்மாள் என்று மூன்று பேர் பதிவானார்கள்.

“சும்மா யாருங்க குடுப்பாங்க? நம்ம கூடத்தை எவனோ பாத்துக்கினே இருப்பானே” என்று ரேவதி அன்றைக்கே கேட்டாள்.

“நம்மகிட்ட பாக்கறதுக்கு இன்னா கீது? ஒளிக்கிறவதான் பயப்படணும்” என்று சிரித்தான் புருஷன்.

போன வியாழக்கிழமை அவன் போனுக்கு அந்த டிவியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘உங்கள் வீட்டில் பதிவு செய்யாத ஒரு பார்வையாளர் இருக்கிறார். ஆண், வயது முப்பதிலிருந்து முப்பத்தைந்து. செவ்வாய், வெள்ளி, பகல் பதினொன்று முதல் பன்னிரண்டரை. அவரையும் சேர்த்து மேலும் சலுகை பெறுங்கள்.’

சலுகையாம்! ஒரு குடும்பத்தின் தலையில் நெருப்பை அள்ளிக் கொட்டிவிட்டு அதற்குப் பேர் சலுகை.

அன்று வரதன் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. “நான் வேலைக்குப் போன நேரம் எவன்டி வரான்? எங்கம்மா மாத்திரை போட்டுத் தூங்கற நேரமா பாத்து எவன்டி வரான்?” என்றான். அவள் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். கன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “அதான் பட்டப்பகல்ல தாடிக்குத் தடவற எண்ணெய் விளம்பரமா வந்துச்சா... இந்த ஊட்ல யாருக்குடா தாடி கீது?”

ரேவதி வாயைத் திறக்கவில்லை. அவளால் திறக்க முடியாது.

வந்தவன் பாண்டியன். வரதனின் சொந்தத் தம்பி. கன்னியம்மாளின் கடைக்குட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு வந்து, பணம் கேட்டு அம்மாவைப் பிடித்துத் தள்ளினான். விழுந்தவளுக்கு இடுப்பு முறிந்தது. அன்றிலிருந்துதான் அவளுக்குக் கட்டில். வரதன் தம்பியைத் தெருவில் போட்டு அடித்துத் துரத்தினான். ரேஷன் கார்டிலிருந்து பேரையும் எடுத்துவிட்டான். “என் சாவுக்குக்கூட அவன் வரக்கூடாது” என்று பெற்றவளே சொல்லிவிட்டாள்.

போன வருஷம் ஆடியில் பாண்டியன் ஊர் எல்லை அம்மன் கோயிலில் குடியை விடுவதற்குக் கயிறு கட்டிக்கொண்டான். ஒரு வருஷம் தொடாமல் இருந்து, கயிறு அவிழ்க்கிற அன்றைக்கு அண்ணன் முன்னால் வந்து நிற்பதாக நேர்ந்துகொண்டான். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் ராத்திரி வேலை. வேலை முடிந்து செவ்வாயும் வெள்ளியும் இங்கே வருவான். அம்மா தூங்கும்போது காலடியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவான். டிவி சத்தம் நின்றால் கிழவி விழித்துக்கொள்வாள் என்பதால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவள் கண் திறப்பதற்குள் போய்விடுவான்.

“அண்ணி, ராதிகா மேல சத்தியம் பண்ணுங்க. கயிறு அவுக்கற வரிக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. நடுவுல அண்ணன் பாத்து ஒரு வார்த்தை பேசிட்டாருன்னா நான் நேரா கடைக்குப் பூடுவேன் அண்ணி... என் மேல எனக்கே நம்பிக்கை இல்ல” என்று சமையற்கட்டில் அவள் முன்னால் குந்தி அழுதான். அவள் மகள் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்து கொடுத்தாள். கயிறு அவிழ்க்க இன்னும் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளுக்காகத்தான் ரேவதி கெட்டுப்போனவள் என்ற பேரைச் சுமந்துகொண்டு அந்த வீட்டில் நடமாடினாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கிடங்கில் பகல் வேலை என்று முன்பே சொல்லியிருந்ததால் போன வெள்ளியும் இந்தச் செவ்வாயும் அவன் வரவில்லை; இன்று வந்துவிடுவான், வராதே என்று சொல்ல அவளிடம் போன் இல்லை.

பத்தரைக்கு அண்ணன் கிருபாகரன் ஆவடியிலிருந்து வந்தார். அங்கே தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருப்பவர். தங்கையின் முகத்தைப் பார்க்கக் கூசி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கன்னியம்மாள் அன்றைக்கு மாத்திரையைப் போடவில்லை. தலையணையில் சாய்ந்து விழித்துக்கொண்டிருந்தாள்.

“மச்சான், நீங்களே பாருங்க. உங்க தங்கச்சி லட்சணத்த” என்று வரதன் போனை நீட்டினான். “அவன் வர்ற நாளு இன்னைக்கு. லீவு போட்டுட்டுக் குந்தியிருக்கேன். வரட்டும். கையோட புடிச்சுக் குடுத்துட்டு, இவளையும் உங்ககூட அனுப்பிடறேன்.”

“ரேவதி... இன்னாம்மா இது? நீயாவது வாயத் தொறந்து சொல்லு” என்றார் அண்ணன்.

“நான் தப்பு பண்ணல அண்ணா. அதுக்கு மேல இன்னைக்கு என்னால சொல்ல முடியாது.”

“கேட்டீங்களா? சொல்ல முடியாதாம்” என்றான் வரதன்.

கிருபாகரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தியைப் படித்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். கீழே ‘முழு விவரம்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினார். நாலு மாசத்துக் கணக்கு நாள் வாரியாக வந்து விழுந்தது. அவர் நெற்றி சுருங்கியது.

“மாப்ள, இத நீங்க படிச்சீங்களா?”

“படிக்கறதுக்கு இன்னா கீது? அதான் மேலயே போட்ருக்கானே.”

“படிங்க.”

“நீங்களே படிங்க மச்சான்.”

அவர் சத்தமாகப் படித்தார். “செவ்வாய்க்கிழமை. பதினொன்று ஐந்து முதல் பன்னிரண்டு இருபது. கூடத்தில் இருவர். ஒருவர் பதிவில்லாத ஆண். இன்னொருவர் கன்னியம்மாள். இருவரும் அருகருகே.” நிறுத்தி, அடுத்ததைப் படித்தார். “வெள்ளிக்கிழமை. இருவர். பதிவில்லாத ஆண், கன்னியம்மாள். அருகருகே. அதுக்கு முந்தின செவ்வாய், அதேதான். நாலு மாசமும் அதேதான் மாப்ள. ரேவதின்ற பேரே அந்த நேரத்துல ஒரு நாளும் இல்ல.”

வரதன் போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

“நான் பின்னாடி ரூம்ல மெஷின்ல தைச்சுக்கினு இருந்தேன்” என்றாள் ரேவதி. குரல் உயரவில்லை. ஆனால் பதினெட்டு வருஷமாக ‘நீங்க’ என்று சொன்ன வாய், ‘நீ’ என்றது. “அந்தப் பொட்டி பொய் சொல்லல. அது பாத்ததச் சொல்லிச்சு. பாக்காததை நீயா சேத்துக்கினே. உன் பட்டறைல ஒரு போல்ட்டை இப்படி அரைகுறையா பாத்து தூக்கிப் போடுவியா? உன் பொண்டாட்டிய மட்டும் தூக்கிப் போட்டே.”

கட்டிலில் கன்னியம்மாளின் உதடு துடித்தது. போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த தன் பாதத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். “தூக்கத்துல யாரோ கால அமுக்குவாங்க... நான் நீன்னு நெனச்சேன்டி” என்றாள் மெதுவாக. “கட்டை வெரல மடக்கி மடக்கி சொடக்கு எடுக்கும் அந்தக் கை. சின்ன வயசுல அவன்தான் அப்படி எடுப்பான்... ரேவதி, அவனாடி?”

ரேவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் மேல் செய்த சத்தியம் இன்னும் நின்றது. கண்ணீர் மட்டும் கொட்டியது.

வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கிற சத்தம் கேட்டது. கிடங்குச் சட்டையோடு, கையில் ஒரு பை சாத்துக்குடியோடு, பாண்டியன் பூனை நடையில் உள்ளே வந்தான். இத்தனை பேரையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். சுவரில் கேமரா அவனைக் கண்டுகொண்டது போலிருக்கிறது. அதுவரை கீழே ஓடிக்கொண்டிருந்த மூட்டுவலித் தைலம் போய், தாடி எண்ணெய் வந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

வரதன் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அடிக்கத்தான் எழுந்தான் என்று நினைத்து ரேவதி குறுக்கே பாய்ந்தாள். “தொட்டேன்னா பாரு! பதினோரு மாசம் மேல ஆச்சு அவன் குடிச்சு. கயிறு கட்டிக்கினு வந்து உங்கம்மா கால புடிச்சுட்டுப் போறான். அவன்மேல கை வெச்சு மறுபடி கடைக்கு அனுப்பாதே.”

அடிக்கத் தூக்கிய கைதானா, வேறெதற்காவது தூக்கியதா என்று வரதனுக்கே தெரியாது. அது தானாகக் கீழே இறங்கியது.

பாண்டியன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். மஞ்சள் கயிறு அழுக்கேறிக் கறுத்திருந்தது. “இன்னும் பதினோரு நாள் கீதும்மா... அதுக்கு முன்னாடி உன் முன்னால நிக்கக் கூடாதுன்னு இருந்தேன். நான் பூட்றேன்மா.”

“எங்கடா போற?” கன்னியம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். எழுந்திருக்க முடியாத இடுப்பை வைத்துக்கொண்டு எழப் பார்த்தாள். “உன்ன வெச்சுக்கினு கால நீட்டிக்கினு தூங்கிட்டேனேடா, பாவி... வாடா. இங்க வந்து குந்து.” அவன் ஓடி வந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்தான். பெரிய ஆம்பளை, குழந்தை மாதிரி விம்மினான். அவள் அவன் முதுகில் அடித்தாள், தடவினாள், மறுபடி அடித்தாள்.

பிறகு மருமகள் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட வந்தாள். ரேவதி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். “வேணாம் அத்தே. எட்டு நாளா என் கையால தண்ணி எறங்கலைன்னீங்களே, அதே மாதிரி இந்தக் கும்புடு இப்ப எனக்கும் எறங்கல. கொஞ்ச நாள் ஆகும்.”

வரதன் டிவியின் வயரைப் பிடுங்கினான். உடனே அவன் போன் கத்தியது, இணைப்பு அறுந்துவிட்டது என்று. அந்தக் கம்பெனிக்கு அவ்வளவு அவசரம்! அவன் போனை அணைத்துவிட்டு மனைவி முன்னால் வந்து நின்றான்.

“மன்னிச்சுடு ரேவதி. புத்தி கெட்டுப் பூட்டேன். இத இன்னைக்கே எடுத்துக்கினு போகச் சொல்றேன்.”

“எடுத்துக்கினு போகட்டும். மூணு நாள் நான் இந்தக் கூடத்துல அழுதேன். அதுக்குக்கூட தலைவலி மாத்திரை விளம்பரம் போட்டுச்சு அது. நீ இன்னா விஷயம்னுகூட கேக்கல. எவன், எவன்னுதான் கத்தினே. ‘ரேவதி, இப்படி வந்திருக்கே, இது இன்னா’ன்னு ஒரு வார்த்தை... பதினெட்டு வருஷம் கூட இருந்தவள ஒரு வார்த்தை கேட்டியா?”

வரதன் தலையைக் குனிந்துகொண்டான்.

ரேவதி உள்ளே போய் நாலு புடவையைப் பையில் வைத்தாள். கிருபாகரன் தடுக்கப் பார்த்தார். “அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சேம்மா.”

“அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு அண்ணா. எனக்கு ஆறல. பத்து நாள் ஆவடில இருந்துட்டு வரேன்.” கொழுந்தன் பக்கம் திரும்பினாள். “பாண்டி, கயிறு அவுக்கற அன்னிக்கு நான் கோயிலுக்கு வந்துடுவேன். அது வரிக்கும் அத்தைக்கு ஆக்கிப் போடறது நீங்க ரெண்டு பேரும்தான். ஓட்டல் சாம்பார் வேணாம். ரேஷன் கார்டுல உன் பேரை மறுபடி ஏத்தணும், உங்க அண்ணனை இட்டுகினு போ.”

“சரிங்க அண்ணி” என்றான் பாண்டியன், அம்மா மடியிலிருந்து முகத்தை எடுக்காமலே.

வரதன் பையை வாங்கிக்கொண்டு மெயின் ரோடு வரை பின்னாலேயே வந்தான். ஆவடி பஸ் வந்தது. கிருபாகரன் முன்னால் ஏறிவிட்டார். ரேவதி படியில் கால் வைத்தபோது அவன் பையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டான். ரோட்டில் நாலு பேர் பார்ப்பதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. கண் கலங்கியிருந்தது.

“ரேவதி... பத்து நாள்ல வந்துடுவியா?”

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனாலும் எட்டு நாளில் முதல் தடவையாக அவன் அவளிடம் கேட்டிருந்தான்.

“கேட்டீங்க இல்ல,” என்றாள், பையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டே. “வருவேன்.”