காது நனைந்த முயல்

மூன்றாவது நாளாக முயல் தலைகீழாக நின்றது.

"இது யார் பார்த்த வேலை?"

அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் போட்ட சத்தத்தில் குண்டூசி துள்ளி எழுந்தாள்.

குண்டூசி என்பது அப்பா வைத்த செல்லப் பெயர். ஆள் ஒல்லி. ஆனால் கேள்வி கேட்டுக் குத்தாமல் விடமாட்டாள். அப்பா அங்கே குட்டி மாதிரி உருவங்கள் செய்பவர். விடுமுறை என்பதால் அவளும் தினமும் கூடவே வந்து, பசைக் கிண்ணத்துக்கும் வண்ணக் குப்பிகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொள்வாள்.

மறுநாள் புதிய கண்காட்சி திறப்பு. பல நாட்டுப் புராணங்களில் வரும் புனித இடங்களை அப்பா மேசை மேசையாகச் செய்து, கண்ணாடிப் பெட்டி போட்டு மூடியிருந்தார். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தந்திரக்காரன் உண்டு. வானத்தைத் தொடும் மரத்துக்குச் சிலந்தி, சூரியன் ஒளிந்த குகைக்குக் காகம், ஊற்று பொங்கும் மலைக்கு முயல்.

"எல்லாம் திருட்டுப் பசங்க. வேலிக்கு வெளியிலயே நிக்கட்டும்" என்று காப்பாட்சியர் சொல்லிவிட்டார். அப்பாவும் தீக்குச்சியில் வேலி கட்டி, எல்லோரையும் வெளியே நிறுத்தினார்.

சிலந்தியும் காகமும் சொன்ன பேச்சைக் கேட்டன. முயல் மட்டும் தினமும் காலையில் வேலியைத் தாண்டிவிடும். மலை உச்சியில் ஒரு சின்னக் குழியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார் அப்பா. அதில் இரண்டு காதையும் முக்கிக்கொண்டு, காலைத் தூக்கி நிற்கும்.

"புனிதமான ஊத்துல இப்படியா கேலி பண்றது? நாளைக்கு வர்றவங்க என் மானத்தை வாங்கிடுவாங்க!" காப்பாட்சியர் சுற்றும் முற்றும் பார்த்தார். பார்வை குண்டூசி மேல் வந்து நின்றது. "இங்க இருக்கற ஒரே வாண்டு இதுதான். நாளைக்குத் திறப்புக்கு இவ உள்ள வரக்கூடாது."

"நான் தொடவே இல்ல சார்!"

அவர் முயலை எடுத்து மலையடிவாரத்தில், வேலிக்கு வெளியே வைத்துவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார். குண்டூசிக்கு அழுகை முட்டியது. முயலின் மீசையை ஒவ்வொரு மயிராக ஒட்டியதே அவள்தான். அவளே இல்லாமல் திறப்பா?

"நீ செய்யலன்னு எனக்குத் தெரியும்மா" என்றார் அப்பா. "ஆனா அவர் நம்பணுமே."

குண்டூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு முயல் பெட்டியைச் சுற்றி வந்தாள். மனசில் ஏதோ இடித்தது. சிலந்திப் பெட்டிக் கண்ணாடியில் நேற்று அவள் அழுத்திய மூக்குத் தடம் அப்படியே இருந்தது. காகப் பெட்டியிலும் இருந்தது. முயல் பெட்டியை மட்டும் யாரோ பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். குறும்பு செய்துவிட்டு யாராவது கண்ணாடியைத் துடைப்பார்களா?

துடைப்பவர் ஒருவர் இருக்கிறாரே!

துப்புரவு அக்கா படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, முயலோட காதை ஏன்க்கா தண்ணியில வைக்கறீங்க?"

அக்காவின் கை நின்றுபோனது. "ஐயோ, சொல்லிடாத கண்ணு. வேலை போயிடும்."

"சொல்ல மாட்டேன். ஏன்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா வாளியைத் தள்ளி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "அது எங்க மலைடா. எங்க முயல். அவனைப் போய் வெளியில நிக்க வச்சிருக்காங்க. மனசு கேக்கல." பிறகு கதையைச் சொன்னார். கேட்டு முடித்தபோது குண்டூசி தன் அழுகையை மறந்தே போயிருந்தாள்.

ஆனால் சிக்கல் அப்படியேதான் இருந்தது. சொன்னால் அக்காவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் வாசலில் நிற்க வேண்டும். குண்டூசி நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். அந்த முயலாக இருந்தால் என்ன செய்யும்?

நேராகக் காப்பாட்சியர் அறைக்குப் போனாள்.

"சார், முயல் கதை உங்களுக்குத் தெரியுமா?"

"தண்ணி திருடின கதைதானே? ஒரு வரிதான் புத்தகத்துல இருக்கு."

"முழுசா நான் சொல்றேன். ஊத்துக்கு ஒரு பூதம் காவல். கீழ ஊரெல்லாம் தாகத்துல தவிக்குது. முயல் மலைக்குப் போய், 'குளிக்க மட்டும் வந்தேன், ஒரு சொட்டுக்கூட எடுக்க மாட்டேன்'னுச்சு. திரும்பும்போது பூதம் கையைப் பார்த்துது. ஒண்ணுமில்ல. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துது. ஒண்ணுமில்ல. 'போ'ன்னு விட்டுடுச்சு. ஆனா தண்ணி கீழ வந்துடுச்சு!"

காப்பாட்சியர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "எப்படி?"

"அதை நான் சொல்லக்கூடாது சார். கதைக்குச் சொந்தக்காரங்கதான் சொல்லணும். அவங்க மேல கோபப்பட மாட்டேன்னு சொல்லுங்க, கூட்டிட்டு வர்றேன்."

"யாரு அது?"

"முதல்ல சொல்லுங்க."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். எங்கே ஒளித்திருக்கும்? வாலிலா? தலை வெடித்துவிடும் போலிருந்தது. "சரி, கோபப்படல. கூட்டிட்டு வா!"

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "காதுலங்கய்யா. ரெண்டு காதையும் ஊத்துல நல்லா ஊற வச்சுட்டான். கீழ வந்து பிழிஞ்சான். அதுதான் எங்க ஆறு. நாங்க ஊத்துக்குப் போனா முதல்ல காதை நனைச்சுட்டுத்தான் தண்ணி குடிப்போம். கேலி இல்லைங்கய்யா. கும்பிடறதே அப்படித்தான்."

காப்பாட்சியர் இருவரையும் கூடவே வரச் சொன்னார். எழுந்து கூடத்துக்கு நடந்தார். தான் அடிவாரத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்த முயலை எடுத்து ஊற்றில் மெல்லக் கவிழ்த்தபடி அக்காவிடம் கேட்டார்.

"இவ்வளவு ஆழம் போதுமாம்மா?"

"இன்னும் கொஞ்சம். காதோட அடி வரைக்கும் நனையணும்."

அப்பா சத்தமில்லாமல் தீக்குச்சி வேலியைப் பிடுங்கினார். காப்பாட்சியர் குண்டூசியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பு. ஆமா, அந்தச் சிலந்தியையும் காகத்தையும் பத்தி யாருகிட்டக் கேக்கறது?"

மறுநாள் கூடம் நிறையக் குழந்தைகள். எல்லாரும் முயல் முன்னால்தான் முட்டி மோதினார்கள். "ஏன் தலைகீழா நிக்குது? ஏன்?"

காப்பாட்சியர் தன் அறை நாற்காலியைத் தானே தூக்கி வந்து போட்டார். துப்புரவு அக்கா கூச்சத்தோடு அதில் உட்கார்ந்தார்.

முழுக் கதையும் தெரிந்த குண்டூசி, எல்லோரையும் இடித்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.