ஒருவரும் தொடாத கணினி

முதல் படகில் நயினாதீவிலிருந்து வந்த பவதாரணி, ஊர்காவற்றுறையில் ஜெனீற்றாவின் கணினி திருத்தும் கடை வாசலில் நின்றாள். கையில் ஒரு பழைய இறுவட்டு. அழுது முடித்த முகம்.

"அக்கா, இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்குச் சங்கக் கூட்டம். என்னை வேலையால நிப்பாட்டப் போயினம். நான்தான் கெடுத்தனான் எண்டு முடிவே எடுத்திட்டினம்."

ஜெனீற்றா அவளைக் கதிரையில் இருத்தித் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவளுடைய கணவன் அன்ரனிதாஸ் வெளியே ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவன், துணியைப் போட்டுவிட்டு உள்ளே வந்து நின்றுகொண்டான். மனைவியிடம் இப்படி ஒரு சிக்கல் வந்தால் அவனுக்கு அன்று ஓட்டோ ஓடாது.

"ஆறுதலாச் சொல்லும்" என்றாள் ஜெனீற்றா.

பவதாரணி சொன்னாள். குடிநீர்ச் சங்கத்தில் உவர்நீரை நன்னீராக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. அதை இயக்குவது அவள்தான். மெஷினுக்கு மூளை மாதிரி ஒரு சின்னப் பெட்டி. போன மாதம் அதன் பற்றறி செத்தபோது எந்த வால்வை எப்போது திறப்பது என்பதையெல்லாம் அது மறந்துவிட்டது. திரும்பச் சொல்லிக் கொடுக்க இருபது வருடப் பழைய மென்பொருள் ஒன்று வேண்டும். அது இருந்த கணினியை உப்புக் காற்று தின்றுவிட்டது; மிஞ்சியது கையிலிருக்கும் இந்த இறுவட்டு மட்டும். ரொறன்ரோவில் இருக்கும் தர்சன், காலமான தன் தகப்பன் தம்பையாவின் நினைவாகப் புதுக் கணினி ஒன்று வாங்கித் தந்தார். திறப்பு விழாவுக்குத் தானே வந்து நிற்கிறார்.

"செவ்வாய்க்கிழமை அந்தப் பழசைப் புது விண்டோசில திறந்து காட்டினனான் அக்கா. இது பழைய காலம்தான் எண்டு அதுக்குப் பொய் சொல்லி ஓட வைக்க ஒரு வழி இருக்கல்லோ, அப்பிடி. சங்கத் தலைவர் ஐயாத்துரை ஐயாவும் பாத்தவர். புதன்கிழமைதான் நல்ல நேரம், அப்ப மெஷினுக்கு ஏத்துவம் எண்டவர். புதன்கிழமை ஊரே பாத்துக்கொண்டு நிக்க, அது திறக்கேல்லை. மூண்டு தரம் கழட்டித் திரும்பப் போட்டும் பாத்திட்டன்."

"இடையில ஆர் தொட்டது?"

"ஒருத்தரும் தொடேல்லை. மெஷின் அறைக் கதவின்ர திறப்பு என்னட்டை மட்டும்தான். புதன் காலமை தர்சன் அண்ணை பேர் போட வந்தவர். அவருக்குக் கதவைத் திறந்து விட்டிட்டு நான் வாசலில நிறைகுடம் வச்சுக்கொண்டு நிண்டனான். அவ்வளவுதான்."

ஜெனீற்றா கடையைப் பூட்டினாள்.

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகு ஏறியதும், பவதாரணி முன்பக்கம் போய் இருக்கும்வரை அன்ரனிதாஸ் பொறுத்திருந்தான். பிறகு மனைவியின் காதருகே குனிந்தான்.

"இஞ்சை, உந்தப் பிள்ளையின்ர தமையன் ரஜீபன் வள்ளத்தில தண்ணி கொண்டுவந்து விக்கிறவன். மெஷின் ஓடினால் அவன்ர பிழைப்புப் போச்சு. எனக்கு விளங்கீட்டுது."

"உங்களுக்கு மட்டுமில்லை, சங்கத்துக்கும் அப்பிடித்தான் விளங்கியிருக்குது" என்றாள் ஜெனீற்றா. "கெடுக்கிற எண்ணம் இருந்தால் செவ்வாய்க்கிழமை ஏன் திறந்து காட்டினவ? ஏலாது எண்டு சொல்லியிருந்தால் முடிஞ்சுதே."

அன்ரனிதாஸ் கடலைப் பார்த்தான்.

மெஷின் அறை வாசலில் சங்கத் தலைவர் ஐயாத்துரை குடையோடு நின்றார். ஓய்வுபெற்ற தபாலதிபர். "பாக்கிறதெண்டால் பாரும் பிள்ளை. ஆனால் நாலு மணிக்குக் கூட்டம் கூட்டம்தான்" என்றார்.

உள்ளே எங்கு பார்த்தாலும் சிவப்புப் பெயின்ற் எழுத்து. கதிரைகளின் முதுகில், மின்விசிறியின் இறக்கையில், தண்ணீர்த் தாங்கியில் எல்லாம் 'அமரர் தம்பையா ஞாபகார்த்தமாக'. குப்பை வாளியில்கூட எழுதியிருந்தார்கள். மேசையில் புதுக் கணினி விளக்கு எரிய நின்றது.

ஜெனீற்றா மென்பொருளைத் திறந்தாள். உடனே திரையில் ஒரு செய்திக் கட்டம் எழுந்தது. கோப்பு ஒன்றை எழுத முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே இடம் குறிக்க வேண்டிய வரியில் கேள்விக்குறிகள்.

"நாங்கள் விசாரிக்க வந்தால் இது எங்களை விசாரிக்குது!" என்றான் அன்ரனிதாஸ்.

ஜெனீற்றா சிரிக்கவில்லை. விரலால் எண்ணினாள். ஐந்து கேள்விக்குறி, ஒரு இடைவெளி, பிறகு ஏழு. எழுந்து கணினியைச் சுற்றி வந்தாள். திரையின் பின்பக்கம், விசைப்பலகையின் அடி, மேசையின் ஓரம் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். "கூட்டத்துக்குத் தர்சனையும் வரச் சொல்லுங்கோ" என்றாள்.

நாலு மணிக்குப் பத்துப் பேர் கூடினார்கள். பவதாரணி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"இந்த அறையில குப்பை வாளிக்கும் பேர் இருக்குது" என்று ஜெனீற்றா தொடங்கினாள். "தர்சன் வாங்கித் தந்த கொம்பியூட்டரில மட்டும் வெளியில எங்கையும் பேர் இல்லை. ஆனால் அவர் பேர் போட வந்தவர். அப்ப அந்தப் பேர் எங்கை?"

தர்சன் குழம்பினார். "உள்ளுக்குப் போட்டனான் அக்கா. பெயின்ற் அடிச்சால் வடிவில்லைத்தானே."

ஜெனீற்றா கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டாள். கறுத்த திரையில் வேட்டி சால்வையோடு ஒரு பெரியவரின் படம் மெல்ல எழுந்தது. கீழே, அமரர் தம்பையா. இரண்டு பேர் தங்களை அறியாமல் கைகூப்பினார்கள்.

"கொம்பியூட்டரில முதல் இருந்த பாவனையாளர் கணக்கை அழிச்சுப்போட்டு, ஐயாவின்ர பேரில புதுக் கணக்குத் திறந்தனீர். ஓமோ?"

"ஓம். அதுதானே முறை?"

"ஆர் தொட்டது எண்டு சங்கத்தில கேட்டபோது ஏன் சொல்லேல்லை?"

"நான் ஒண்டையும் தொடேல்லையே அக்கா. பேர்தானே போட்டனான்!"

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. அன்ரனிதாஸுக்கும்தான்.

"அவர் பொய் சொல்லேல்லை. பவதாரணியும் பொய் சொல்லேல்லை" என்றாள் ஜெனீற்றா. "காலமை காலமை இந்தப் படத்தைப் பாத்திருக்கிறா. சுவரில தொங்குற படம் மாதிரித்தான் நினைச்சிருக்கிறா. இந்த ஊரில பேர் போடுறதை ஒருத்தரும் தொடுறது எண்டு எண்ணுறேல்லை. ஆனால் கொம்பியூட்டர் எண்ணும். ஆரின்ர கணக்கோ, அவரின்ர பேரில உள்ளுக்கு ஒரு அறை கட்டும். இந்தப் பழைய மென்பொருள் வேலை செய்யேக்கை தன்ர கடதாசியளை அந்த அறையிலதான் வைக்கும். அதை எழுதின மனுசன் ஆங்கில எழுத்து மட்டும்தான் அதுக்குப் படிப்பிச்சவர். அறை வாசலுக்குப் போகுது, பேரை வாசிக்கத் தெரியேல்லை, எழுத்துக்கு ஒரு கேள்விக்குறியைப் போட்டிட்டுத் திரும்பி வருது. எண்ணிப் பாருங்கோ. கொம்பியூட்டர் எழுத்தோட வாற குற்று, கொம்பு, அரவு எல்லாத்தையும் தனித்தனியாத்தான் எண்ணும். அமரர் எண்டால் ஐஞ்சு. தம்பையா எண்டால் ஏழு."

ஐயாத்துரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல் மடக்கி எண்ணினார். மற்றவர்களின் உதடுகளும் அசைந்தன. அன்ரனிதாஸ் இரண்டு முறை எண்ணினான். இரண்டு முறையும் சரியாக வந்தது. பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் அந்த மனிசியை அவன் வாயைத் திறந்தபடி பார்த்தான்.

தர்சனின் முகம் சுருங்கியிருந்தது. "அப்ப, அப்பான்ர பேராலையோ தண்ணி நிண்டது?"

"பேரை எடுக்கத் தேவையில்லை. மென்பொருளுக்கு அது வாசிக்கக்கூடியதா வேற அறை ஒண்டு குடுப்பம்" என்றாள் ஜெனீற்றா. ஆங்கிலத்தில் நாலெழுத்துப் பெயரோடு ஒரு கோப்புறை திறந்து, கடதாசிகளை இனி அங்கே வைக்கும்படி கணினிக்குச் சொன்னாள். பிறகு எழுந்து கதிரையைப் பவதாரணிக்கு விட்டாள்.

பவதாரணி சுட்டியை அழுத்தினாள். சாம்பல் நிறத்தில், அழகில்லாத பழங்காலத்துச் சாளரம் ஒன்று திறந்தது. வயரை மெஷினின் மூளைப் பெட்டியில் செருகினாள். நீலக் கோடு ஒன்று மெல்ல மெல்ல நகர்ந்து முடிந்தது. பெட்டிக்குள் டிக் என்றது. தாங்கிக்குப் பின்னால் நீர்ப்பம்பி ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

அன்ரனிதாஸ் தாங்கியருகே போனான். இருபது வருடத்துக்கு முன் எந்த நாட்டிலோ, கடல் சூழ்ந்த இந்த மண்ணைக் கண்டிராத ஒருவன் இருந்து எழுதிய மென்பொருள். இவ்வளவு காலம் இறுவட்டுக்குள் கிடந்தும் அது ஒன்றையும் மறக்கவில்லை. வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் சத்தத்தைக் கோயிலில் நிற்பவன்போல் கேட்டுக்கொண்டு நின்றான்.

குழாயில் தண்ணீர் வந்ததும் ஐயாத்துரை செம்போடு முன்னே போனார்.

"பொறுங்கோ ஐயா" என்றாள் பவதாரணி. "முதல் தண்ணி குடிக்கேலாது. அரை மணித்தியாலம் ஓடவேணும்."

தலைவர் கையை இழுத்துக்கொண்டார். "ஓம் பிள்ளை. நீர் சொல்லேக்கை குடிக்கிறம்" என்றார். சற்று நின்று, மற்றவர்களுக்கும் கேட்கும்படி, "நாங்கள் பிழையா நினைச்சிட்டம்" என்றார்.

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசிப் படகுக்கு நேரமாகியும் அன்ரனிதாஸ் அசையவில்லை. பவதாரணி அடிக்கொருதரம் உப்பளக்கும் கருவியைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். இன்னும் இல்லை. பிறகு ஒருமுறை ஆட்டாமல் நின்றாள். ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். செம்பை நிரப்பி ஐயாத்துரையின் கையில் கொடுத்தாள்.

அவர் அண்ணாந்து, மூச்சு விடாமல் முழுவதையும் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"உப்பே இல்லை" என்றார், இரகசியம் சொல்வதுபோல.